மேயரை யார் தேர்ந்தெடுக்க வேண்டும்: நாமா, கவுன்சிலர்களா?

வாய்க்கால்தெரு

அனைவருக்கும் வணக்கம். தென் மாவட்டத்து மாநகராட்சி ஒன்றில் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். இரு பக்கமும் கான்கிரீட், மேலே மூடி, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மெயின் ரோட்டு முனைக்குப் போனதும் அது ஒரு சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. அங்கிருந்து குளத்துக்குப் போகும் ஓடை பக்கத்து வார்டுக்குள் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் வேலை யார் கணக்கிலும் இல்லை. ஐப்பசி மழை வந்தால் வடிகால் நிரம்பி, தண்ணீர் வீட்டு வாசற்படிக்கே திரும்பி வருகிறது.

அப்போதைய மேயர் நேரில் வந்தார். சுவரைப் பார்த்தார், உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டுக் கேட்டார், செய்து தருகிறோம் என்றார். அதற்குள் கட்சிக்குள் தகராறு. அவர் ராஜினாமா செய்துவிட்டார். கவுன்சிலர்கள் கூடி வேறொருவரைத் தேர்ந்தெடுத்ததை மறுநாள் பேப்பரில்தான் தெரிந்துகொண்டோம். புதிய மேயரின் அலுவலகத்துக்குப் போனால், "அது பழைய மனு. புதிதாக எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். வெளியே வந்தபோது ஒருவர் தணிந்த குரலில், "மாவட்டச் செயலாளரைப் பாருங்கள், காரியம் ஆகும்" என்றார்.

முன்பு இருந்தவருக்கும் நாங்கள் ஓட்டுப் போடவில்லை, இப்போது இருப்பவருக்கும் போடவில்லை. மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் இந்த நிலை மாறுமா? சங்கத்தில் பாதிப் பேர் மாறும் என்கிறார்கள். மீதிப் பேர் செலவுதான் கூடும் என்கிறார்கள். உள்ளிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வெள்ளோட்டம்

மேயரே எதற்கு என்பது என் கேள்வி. 2016 அக்டோபரில் பழைய மன்றங்கள் முடிந்தன; 2022 மார்ச்சில்தான் புதியவர்கள் வந்தார்கள். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் மேயர் இல்லை, கவுன்சிலரும் இல்லை. குப்பை அள்ளினார்கள், குடிநீர் வந்தது, விளக்கு எரிந்தது. படித்த ஆணையர் ஒருவர் இருந்தால் போதும். தேர்தல் எந்த வகையாக இருந்தாலும் கமிஷன் வாங்குபவர்கள்தான் கூடுவார்கள்.

மன்றப்பிரிவு

அம்மா, நான் ஒரு மாநகராட்சியின் மன்றப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். கூட்டத்துக்குப் பொருள் நிரல் தயாரிப்பது, கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது, தீர்மான நகலை அந்தந்தப் பிரிவுக்கு அனுப்புவது, இவையே எங்கள் வேலை. 1996-ல் மக்கள் தேர்ந்தெடுத்த மேயரையும், 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த மேயரையும், 2011-ல் மறுபடி மக்கள் தேர்ந்தெடுத்த மேயரையும், பிறகு யாருமே இல்லாத காலத்தையும் அதே அறையிலிருந்து பார்த்தவன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேயரை ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பின் அவர் கையில் அதிகாரமும் இருக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை மறுத்தால் பயன் குறைவு.

முதலில் வெள்ளோட்டம் தம்பிக்கு. மன்றம் இல்லாத அந்தக் காலத்தில் மன்றத்தின் இடத்திலிருந்து முடிவெடுக்கும் தனி அலுவலரும் ஆணையர்தான். அப்போது ஒரு கோப்பு எப்படி நகர்ந்தது என்று தெரியுமா? தாளின் மேல் பாதியில் "மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது" என்று ஆணையரின் குறிப்பு இருக்கும். கீழே அவருடைய கையெழுத்து. அதே தாளின் கீழ்ப் பாதியில் "தீர்மானம்: அனுமதிக்கப்பட்டது" என்று இருக்கும், அதன் கீழே தனி அலுவலர் என்ற முறையில் மறுபடியும் அதே கையெழுத்து, அதே மை, அதே தேதி. கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரே. கெட்ட எண்ணம் கொண்டவர் என்று அந்த அதிகாரியை நான் சொல்ல மாட்டேன். இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து வேலை பார்த்தவர். ஆனால் "இந்தச் சாலையைவிட அந்தச் சாலை மோசம், அதை முதலில் போடுங்கள்" என்று எழுந்து கேட்க அந்த மண்டபத்தில் ஒரு குரல் இல்லை. காலி நாற்காலிகளைத் துடைத்து வைத்திருந்தோம். கமிஷன் பற்றிச் சொன்னீர்கள். கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் அது குறையும் என்று எந்தக் கணக்கில் நம்புகிறீர்கள்?

இனி உங்கள் வடிகாலுக்கு வருகிறேன். அது ஏன் சுவரில் முட்டுகிறது என்பதில்தான் நீங்கள் கேட்ட கேள்விக்கும் பதில் இருக்கிறது. பட்ஜெட் நெருங்கும்போது கவுன்சிலர்கள் கேட்பது ஒன்றே: என் வார்டுக்கு எவ்வளவு? கேட்பது நியாயம்தான், அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் அந்த நாலு தெருவில்தான் இருக்கிறார்கள். கவுன்சிலர்கள் கைதூக்கித்தான் மேயர் நாற்காலி என்றால், மேயர் எல்லாரையும் திருப்திப்படுத்தியாக வேண்டும். ஆகவே நிதி கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை போல வார்டுக்கு ஒன்றாகப் பிரிந்து போகிறது. தெரு வடிகால் அதில் வந்துவிடும். ஐந்தாறு வார்டுகளைக் கடந்து குளத்தில் சேர வேண்டிய பெரிய ஓடை வராது. குப்பைக் கிடங்கு வராது, பாதாளச் சாக்கடையின் பிரதானக் குழாய் வராது. அவற்றைக் கேட்க வேண்டியவர் ஊர் முழுவதற்கும் பொதுவான ஆள். அந்த ஆளுக்கு ஊர் முழுவதிலும் ஓட்டு இருந்தால்தான் கேட்கும் துணிவு வரும்.

நான் வேலை பார்த்த இடத்தில் நேரடியாக வந்த ஒரு மேயர் இருந்தார். மன்றத்தில் அவர் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. முதல் பட்ஜெட்டில் வார்டு நிதியில் ஒரு பகுதியை நிறுத்தி, பிரதானக் கால்வாய் ஒன்றைத் தூர்வார ஒதுக்கினார். அன்று நடந்த கூச்சலில் நான் எழுதிக்கொண்டிருந்த குறிப்பில் பாதி "(குறுக்கீடு)" என்றுதான் இருந்தது. எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்தார்கள். அவர் கட்சிக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மேயர் எழுந்து, "நீங்கள் ஒரு வார்டில் ஜெயித்தீர்கள். அடுத்த மழையில் எல்லா வார்டிலிருந்தும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள்" என்றார். அந்த வார்த்தையை அப்படியே பதிவு செய்தேன். பொருள் நிறைவேறியது. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த மேயர் ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை, சொல்லவும் முடியாது. அந்தக் காலத்துக் கூட்டங்களில் சண்டையே குறைவு. முதல் நாள் மாலை கட்சி அலுவலகத்தில் எல்லாம் பேசி முடித்துவிட்டு வருவார்கள். அச்சடித்த பொருள் நிரலில் அறுபது, எழுபது பொருள்கள் இருக்கும். எண்ணைக்கூட முழுதாக வாசிக்காமல், "அனைத்தும் நிறைவேற்றப்பட்டது" என்று மணி அடிப்பார்கள்.

உங்கள் மேயர் நடுவில் போய்விட்டதைச் சொன்னீர்கள். கோயம்புத்தூரைப் பாருங்கள். 2011-ல் மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் 2014-ல் பதவி விலகினார். அந்த செப்டம்பரில் ஊர் முழுவதும் இடைத்தேர்தல் நடந்தது. கணபதி ராஜ்குமார் ஜெயித்து வந்தார். பத்து ஆண்டு கழித்து, 2024 ஜூலையில், அதே கோயம்புத்தூரில் மேயர் கல்பனா ஆனந்தகுமார் ராஜினாமா செய்தார். இந்த முறை ஆகஸ்டில் மன்றக் கூடத்துக்குள்ளேயே ரங்கநாயகி போட்டியின்றித் தேர்வானார். இரண்டு முறையும் மேயர் விலகியதற்குப் பின்னால் கட்சி அரசியல் உண்டு. நேரடித் தேர்தல் அதைத் தடுத்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அடுத்து யார் என்ற கேள்வி 2014-ல் வாக்காளரிடம் திரும்பி வந்தது, 2024-ல் வரவில்லை. திருநெல்வேலியிலும் 2024-ல் மேயர் சரவணன் விலகினார். அங்கே ஆளும் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் ராமகிருஷ்ணனுக்கு 30 ஓட்டு, அதே கட்சியிலிருந்து எதிர்த்து நின்ற பால்ராஜுக்கு 23 ஓட்டு. ஊரின் தலைவரை முடிவு செய்த கணக்கு இவ்வளவுதான். (2014-ல் அதே நெல்லையில் இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டும், எதிர் வேட்பாளர் வாபஸ் வாங்கியதால் மக்கள் ஓட்டுப் போடவில்லை. அதுவும் நடந்ததுதான்.)

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அரசியல் சட்டத்தின் 243-ஆர் பிரிவு, நகரத் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டிருக்கிறது. நம் அரசுகள் அதை வைத்து என்ன செய்தன? 1996, 2001 நேரடி. 2006 மறைமுகம், அதாவது கவுன்சிலர்கள் வழியாக. 2011 நேரடி. 2016 ஜூனில் மறைமுகம் என்று சட்டம். 2018 ஜனவரியில் நேரடி என்று சட்டம். 2019 நவம்பரில் மறைமுகம் என்று அவசரச் சட்டம். இந்தக் கடைசி மூன்று மாற்றங்களுக்கும் நடுவே நகரங்களில் உள்ளாட்சிக்கென்று ஒரு ஓட்டுக்கூடப் பதிவாகவில்லை. ஒரு கட்சி மாற்ற, இன்னொரு கட்சி எதிர்க்கும். எதிர்த்த கட்சி ஆட்சிக்கு வந்ததும் அதையே வைத்துக்கொள்ளும். எந்த முறை தனக்கு வசதி என்று பார்க்கிறார்களே தவிர, எந்த முறை ஊருக்கு நல்லது என்று ஒருவரும் உட்கார்ந்து பேசவில்லை.

வார்டு அக்கா

மன்றப்பிரிவு ஐயாவுக்கு வணக்கம். நான் 2011 முதல் 2016 வரை மாமன்ற உறுப்பினராக இருந்தேன், சுயேச்சையாக. நேரடி மேயர் காலம்தான் அது. ஐயா மேடைப் பக்கத்திலிருந்து பார்த்ததை நான் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். மேயருக்கு என் ஓட்டு தேவைப்படவில்லை. அதனால் என் வார்டும் தேவைப்படவில்லை. ஐந்து ஆண்டில் எங்கள் பகுதிக்குச் சமுதாயக்கூடம் கேட்டுப் பேசாத கூட்டம் இல்லை. "பரிசீலிக்கப்படும்" என்ற பதிலோடு சரி. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் முறையாக இருந்திருந்தால் என் ஒரு கைக்கு மதிப்பு இருந்திருக்கும், அதைக் காட்டிக் கேட்டிருப்பேன்.

இன்னொன்று. ஊர் முழுக்கப் போட்டியிட என்னைப் போன்றவளால் முடியுமா? என் வார்டுக்கு நடந்தே ஓட்டுக் கேட்டேன். வாசலில் உட்கார்ந்து காபி குடித்துப் பேசினேன். பத்து லட்சம் பேர் இருக்கும் ஊருக்கு வண்டி வேண்டும், பந்தல் வேண்டும், பூத்துக்கு ஆள் வேண்டும். பணம் உள்ளவர் மட்டும்தான் நிற்பார். கும்பகோணம் மாநகராட்சியானதும் 2022-ல் அதன் முதல் மேயராக வந்த சரவணன் ஆட்டோ ஓட்டியவர். சென்னையில் பிரியா ராஜன் 28 வயதில் வந்தார், அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண். நேரடித் தேர்தல் என்றால் எந்தக் கட்சி இவர்களுக்கு டிக்கெட் கொடுத்திருக்கும்? இதற்கு ஐயா பதில் சொல்ல வேண்டும்.

நல்லூரான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் மாநகர முதல்வரை, நீங்கள் மேயர் என்பவரை, உறுப்பினர்களே தெரிவு செய்கிறார்கள். 2018 பெப்ரவரித் தேர்தலில் யாழ். மாநகர சபையின் 45 ஆசனங்களில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆர்னோல்ட் முதல்வரானார். எங்கள் சட்டப்படி வரவு செலவுத் திட்டம் இரண்டு தடவை தோற்றால் முதல்வர் பதவி போய்விடும். 2020 டிசெம்பரில் அதுதான் நடந்தது. உடனே புதுத் தெரிவு: மணிவண்ணனுக்கு 21, ஆர்னோல்டுக்கு 20. ஒரேயொரு வாக்கு.

இதில் நல்லதும் இருக்கிறது. முதல்வர் ஒவ்வொரு மார்கழியும் சபைக்குக் கணக்குக் காட்டியே தீர வேண்டும். தன் எண்ணத்துக்கு நடக்க முடியாது. ஆனால் அந்த நாட்களில் வீதி விளக்குக்கும் கழிவகற்றலுக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று எங்கள் ஒழுங்கையில் யாரும் பேசியது எனக்கு நினைவில்லை. யார் யாரோடு சேர்ந்தார் என்றே பேசினோம். முதல்வருக்கும் தேர்தலில் யார் எத்தனை வாக்கு எடுத்தார் என்பதற்கும் தொடர்பே இல்லாமல் போயிற்று.

மன்றப்பிரிவு

வார்டு அக்கா கேட்டது கனமான கேள்வி. செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். 2022-ல் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. சென்னையும் தாம்பரமும் பட்டியலினப் பெண்களுக்கு. பிரியா ராஜனுக்கு வழி திறந்தது இட ஒதுக்கீடு. அது நேரடித் தேர்தலிலும் இருக்கும். 2011-ல் நேரடியாகவே திருநெல்வேலியில் விஜிலா சத்தியானந்தும், தூத்துக்குடியில் சசிகலா புஷ்பாவும் ஜெயித்தார்கள். கும்பகோணம் சரவணன் அந்த இடத்துக்கு வந்தது எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தது கூட்டணிப் பேச்சுவார்த்தை. கட்சி கொடுத்ததைக் கட்சி எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கும். எளிய பின்னணியில் வந்தவர்தான் அப்போது முதலில் தவிப்பார். ஊரே ஓட்டுப் போட்ட ஆட்டோ ஓட்டுநரை அவ்வளவு சுலபமாக வீட்டுக்கு அனுப்ப முடியாது.

உங்கள் சமுதாயக்கூடம் வராமல் போனதற்கு எனக்கு உண்மையிலேயே வருத்தம். சுயேச்சைகளையும் எதிர்க்கட்சியினரையும் நேரடி மேயர் ஒதுக்கினால் தட்டிக் கேட்க, கவுன்சிலர்கள் அடங்கிய நிலைக்குழுக்களுக்கும் மண்டலக் குழுக்களுக்கும் சொந்த நிதி அதிகாரம் வேண்டும். அந்த வரியை என் வாதத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

நேரடியாக ஜெயித்தால் மட்டும் எல்லாம் வந்துவிடாது என்பதற்கு சிம்லா சாட்சி. 2012-ல் அங்கே மேயரையும் துணை மேயரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பேரும் மார்க்சிஸ்ட். மன்றத்தின் 25 இடங்களில் அந்தக் கட்சிக்கு மூன்றுதான். ஐந்து ஆண்டும் இழுபறி. அடுத்த தேர்தலுக்குள் மாநில அரசு நேரடி முறையையே எடுத்துவிட்டது. சென்னையில் 2001-ல் மக்கள் இரண்டாம் முறை தேர்ந்தெடுத்த மேயர் மு.க. ஸ்டாலின் எம்.எல்.ஏ.வாகவும் இருந்தார், ஒருவருக்கு இரண்டு பதவி கூடாது என்று 2002-ல் சட்டம் வந்தது, மேயர் பதவி போனது. மாநில அரசு நினைத்தால் மக்கள் கொடுத்ததையும் ஒரு சட்டத்தில் எடுத்துவிடலாம். அதனால்தான் அதிகாரத்தையும் சேர்த்துக் கேட்கிறேன்.

நம் சட்டத்தில் நிர்வாக அதிகாரம் ஆணையரிடம். அவரை அனுப்புவதும் மாற்றுவதும் மாநில அரசு. மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். 2023-ல்தான் அவருக்கு மாதம் 30,000 ரூபாய் மதிப்பூதியம் வந்தது. காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை. அதே தமிழ்நாட்டில் ஆயிரம் ஓட்டு உள்ள கிராமத்தின் ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். காசோலையில் அவர் கையெழுத்து வேண்டும், துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். கிராமத்து மக்களை நம்பிக் கொடுத்ததை நகரத்து மக்களுக்கு ஏன் கொடுக்கக் கூடாது? இந்தக் கேள்விக்குப் பணியில் இருந்தபோது எந்த அதிகாரியும் எனக்கு விடை சொல்லவில்லை.

வாய்க்கால்தெரு

எல்லாருக்கும் நன்றி. ஐயா, சட்டம் மாறும்போது மாறட்டும். இந்த ஐப்பசிக்குள் அந்தச் சுவருக்கு என்ன செய்வது? மாவட்டச் செயலாளரைப் பார்க்க எங்களுக்கு மனமில்லை.

மன்றப்பிரிவு

பார்க்க வேண்டாம் அம்மா. புது மனுவும் எழுத வேண்டாம். பழைய மனுவின் ஒப்புகைச் சீட்டு இருக்கிறதல்லவா? அந்த எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டல் என்று கொடுங்கள். மேயர் மாறினாலும் மனு செத்துவிடாது, கோப்பு பிரிவில்தான் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் தெரு வடிகாலின் மதிப்பீட்டு நகலையும் வரைபடத்தையும் கேளுங்கள். நீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அந்த வரைபடத்தில் காட்டியிருப்பார்கள். காட்டவில்லை என்றால் அது உங்களுக்கு இன்னும் நல்ல ஆதாரம்.

பிறகு பகுதி சபை, அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் குடியிருப்போர் கூடிப் பேசும் கூட்டம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன; பல ஊர்களில் அதன் பின் ஒழுங்காகக் கூட்டுவதில்லை. கூட்டச் சொல்லி உங்கள் கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். பக்கத்து வார்டிலும் ஒரு சங்கம் இருந்தால் அவர்களையும் அதே கோரிக்கையை அவர்களுடைய பகுதி சபையில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வார்டும் ஒரே வேலையைக் கேட்டதாகப் பதிவானால், இது அடுத்த வார்டு விவகாரம் என்று பொறியியல் பிரிவு தட்டிக் கழிக்க முடியாது.

வாய்க்கால்தெரு

ஒப்புகைச் சீட்டு இருக்கிறது ஐயா. பக்கத்து வார்டுச் சங்கத் தலைவரிடம் இன்றே பேசுகிறேன். ஓடையோரம் குடியிருப்பவர்கள் அவர்கள்தான். எங்கள் தண்ணீரும் அங்கே வந்து சேர்ந்தால் ஓடை தாங்குமா என்று பயப்படுவார்கள். அதற்கு என்ன சொல்வது?

மன்றப்பிரிவு

பயம் நியாயமானது. ஆகவே இணைப்பை மட்டும் கேட்காதீர்கள். ஓடையை குளம் வரை தூர்வாரி, கரை கட்டி, அதன் பிறகு இணைக்க வேண்டும் என்று ஒரே கோரிக்கையாக எழுதுங்கள். முதல் கையெழுத்தை அவர்கள் போடட்டும்.